விசாரணை என்பது நடைபெற்று வருகிறது

குடோன் ஒன்று தீப்பிடித்து எரிகிறது. நேரலையில் நிற்கும் இளம் செய்தியாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசுகிறார்: “தற்போது எரிந்துகொண்டிருக்கக்கூடிய இந்தக் குடோனைப் பொறுத்தவரைக்கும் பாத்தீங்கன்னா, தீயணைப்புப் பணி என்பது தீவிரமாக நடைபெற்றுவரக்கூடிய சூழலில், போக்குவரத்து என்பது மாற்றிவிடப்பட்டிருக்கிறது. விசாரணை என்பது நடைபெற்று வருகிறது.” டீக்கடையில் அண்ணாந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவருக்குத் தீயைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் சுடுகிறது. “எரியுதுன்னு சொல்லேன் தம்பி” என்கிறார், டிவியிடமே.

அவர் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ‘கூடிய’ என்றால் நடக்க வாய்ப்புள்ள என்று பொருள். நாளை பெய்யக்கூடிய மழை உண்டு; தலைமேல் கொட்டிக்கொண்டிருக்கும் மழையைப் ‘பெய்துகொண்டிருக்கக்கூடிய மழை’ என்றால், பெய்கிறதா இல்லையா என்று சொல்பவருக்கே சந்தேகம் போலிருக்கிறது. ‘என்பது’ இன்னும் வேடிக்கை. ஒன்றை விளக்கப் புகும்போது வர வேண்டிய சொல் அது. ‘மக்களாட்சி என்பது…’ என்று பத்தாம் வகுப்பு மாணவர் விடைத்தாளில் தொடங்கலாம். போக்குவரத்து என்றால் என்ன என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எந்த வழியாகப் போவது என்றுதான் கேட்கிறார்கள்.

ஆனால், இந்தத் தொற்று எப்படி வந்தது என்று யோசித்தால் கோபம் கொஞ்சம் தணியும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வந்து நிற்கும். யார், எங்கே, எதை, எப்படி என்பதையெல்லாம் அடுக்கிவிட்டு, முடிவில்தான் ‘எரிகிறது’ என்றோ ‘அணைந்துவிட்டது’ என்றோ சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் உண்டு. 24 மணி நேரச் செய்திச் சேனலுக்காக நேரலையில் நிற்பவருக்கு அது கிடையாது. சம்பவ இடத்துக்கு அவர் அப்போதுதான் வந்து இறங்கியிருப்பார். கையில் இருப்பது ஒன்றிரண்டு தகவல். ஸ்டூடியோவில் இருப்பவரோ ‘அங்கு நிலவரம் என்ன?’ என்று மறுபடி மறுபடி கேட்கிறார். எழுவாயைச் சொல்லிவிட்டு வினைச்சொல்லைத் தேடும் அந்த அரை விநாடியில் வாய் மூடி நிற்க முடியாது. ‘என்பது’ அங்கே கைகொடுக்கிறது. ‘பொறுத்தவரைக்கும்’ இன்னும் வசதி. எந்தப் பெயர்ச்சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சொல் கிடைத்துவிடும்.

பேச்சுக்கு இப்படி முட்டுக்கொடுப்பது எல்லா மொழியிலும் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுநடுவே ‘அஹ்’ என்றும் ‘அம்’ என்றும் இழுப்பார்கள். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், இவை தடுமாற்றத்தின் ஓசைகள் மட்டுமல்ல, பொருளுள்ள சொற்களே என்று வாதிட்டார்கள். முன்னது சிறு தாமதத்துக்கும் பின்னது சற்றே நீண்ட தாமதத்துக்கும் முன்னறிவிப்பாம். தமிழில் அந்த வேலையை ‘வந்து’ செய்கிறது. ‘நான் வந்து, அவர்கிட்ட வந்து, பணம் வந்து கேட்டேன்’ என்கிற வாக்கியத்தில் யாரும் எங்கிருந்தும் வரவில்லை, பணமும் வந்திருக்காது.

பழைய இலக்கணக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. தொல்காப்பியம் இடைச்சொற்களில் அசைநிலை என்று ஒரு வகையைக் குறித்து வைத்திருக்கிறது. தனிப் பொருள் இல்லாமல் இடத்தை நிரப்ப வரும் சொற்கள் அவை. ‘அரோ’, ‘மாதோ’ என்று செய்யுள் முடிவதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். புலவருக்கு யாப்பு நெருக்கடி, செய்தியாளருக்கு நேரலை நெருக்கடி. புலவரை மன்னித்தவர்கள் இவரையும் மன்னித்துவிடலாம். அவசரம் ஏதும் இல்லாமல், எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படிக்கும் செய்தி வாசிப்பாளரும் ‘நிலவக்கூடிய சூழல்’ என்கிறாரே, அதற்குத்தான் சமாதானம் இல்லை.

சமையல் நிகழ்ச்சிகள் கொண்டுவந்து சேர்த்த எரிச்சல் வேறு ரகம். ‘வாணலியை அடுப்புல வச்சுக்கலாம். எண்ணெய் ஊத்திக்கலாம். கடுகு போட்டுக்கலாம். பொரிஞ்சதும் வெங்காயம் சேர்த்துக்கலாம்.’ குழம்பு கொதித்து இறக்கும்வரை ‘க்கலாம்’ ஓயாது. இதன் ஒன்றுவிட்ட தங்கையை ஸ்கேன் சென்டர்களிலும் அழகு நிலையங்களிலும் பார்க்கலாம். “உள்ள வந்துக்கோங்க. செருப்பைக் கழட்டிக்கோங்க. படுத்துக்கோங்க. மூச்சை நல்லா இழுத்துக்கோங்க. விட்டுக்கோங்க.” வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக்கொண்டு படுத்திருப்பவருக்கு, இத்தனை ‘கோங்க’ எதற்கு என்று தோன்றாமல் இருக்காது. ‘படுங்க’ என்பதிலேயே மரியாதை இருக்கிறதே!

‘கொள்’ என்கிற துணைவினை, செயலின் பலன் செய்தவருக்கே போகும் என்று காட்டுவது. சட்டை போட்டுக்கொண்டான், பணத்தை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. மூச்சைக்கூட ஒரு கணக்கில் இழுத்துக்கொள்ளலாம். ‘வந்துக்கோங்க’தான் இடறுகிறது. முன்பின் தெரியாதவரை நாள் முழுக்க ‘திரும்புங்க, குனியுங்க, வாயைத் திறங்க’ என்று ஏவ வேண்டிய வேலையில் இருக்கும் பெண், அந்த ஏவலின் கூர்மையை மழுக்கக் கண்டுபிடித்த வழி இது. நான் சொல்லி நீங்கள் செய்யவில்லை, நீங்களாகவே உங்களுக்காகச் செய்துகொள்கிறீர்கள் என்கிற பாவனை. நாகரிகமான பாவனைதான். என்ன, அது கவுன்ட்டருக்கு வரும்போது மட்டும் இலக்கணம் இடிக்கிறது. “பில்லைக் கட்டிக்கோங்க.” கட்டுவதன் பலன் யாருக்கு என்று இருவருக்குமே தெரியும்.

‘வேற லெவல்’, ‘செம’, ‘தரமான சம்பவம்’, ‘ப்ரோ’, ‘ஜி’, ‘ஆக்சுவலி’ என்று பெரியவர்கள் பல்லைக் கடிக்கும் பட்டியல் நீளம். பிரியாணி வேற லெவல், பரோட்டா வேற லெவல், பக்கத்துக் கடை ரோஸ்மில்க்கும் வேற லெவல் என்றால் முதல் லெவலில் என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால், இவற்றுக்கு ஆயுள் குறைவு. ‘சூப்பர்’ ஒரு காலத்தில் இதே வசவை வாங்கியது. இன்று பாட்டிமார் பேரனின் ஓவியத்தைப் பார்த்துச் சொல்வது அதைத்தான். இளைஞர்கள் பெரியவர்களின் எந்தச் சொற்களைக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. ‘எங்க காலத்துல’ அதில் முதலாவதாக இருக்கும்.

எரிச்சலும் பரம்பரைச் சொத்துதான். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே போறே?’ என்று கேட்டுவிட்டால் பல வீடுகளில் இன்றைக்கும் போகிறவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். ‘தூரமா?’ என்று கேட்க வேண்டும். ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’. விளக்கை அணைக்கக் கூடாது, குளிர வைக்க வேண்டும். தாலிக்கயிறு அறுந்தால் ‘பெருகிடுச்சு’. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதும்போது இந்த வழக்கத்துக்கு ‘மங்கலம்’ என்று இலக்கணத்தில் இடம் கொடுத்தார். அதோடு இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் சேர்த்து மூன்றையும் தகுதி வழக்கு என்றார். பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டை இன்றைய ஐ.டி. அலுவலகத்துக்குள் கொண்டுபோனால், ‘பேண்ட்வித் இல்லை’ என்பதும் குழூஉக்குறிதான். வேலை தலைக்குமேல் இருக்கிறது, இதற்கு மேல் தராதே என்று அர்த்தம்.

காதில் விழுந்த சொல் நாராசமாக இருக்கிறது என்று கிளம்பியவர்கள் தமிழில் நிறையவே சாதித்திருக்கிறார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலில், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இங்கிலீஷில் வாதாடுகிறவர்களுக்கு நல்ல டோஸ் கிடைக்கிறது. அவரே முன்சீபாக இருந்தவர், பார்த்துச் சலித்துத்தான் எழுதியிருப்பார். 1916இல் சுவாமி வேதாசலம் மறைமலை அடிகளாகித் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அன்று மேடையில் இருந்தவர் ‘அக்கிராசனர்’. தேர்தலில் நின்றவர் ‘அபேட்சகர்’. இன்று அந்தச் சொற்களைக் கேட்டால் எரிச்சல்கூட வராது, சிரிப்புதான் வரும். ‘தலைவர்’, ‘வேட்பாளர்’ என்று மாறிப்போனதே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டன. அண்ணா முதல்வரானதும் அரசுத் தாள்களில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்தது.

ஆக, சொற்கள்மீது கோபப்படுவது வீண் வேலை என்று சொல்ல வழியில்லை. கோபம் சரியான முகவரிக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி. அர்னால்ட் ஸ்விக்கி என்கிற அமெரிக்க மொழியியலாளர் 2005இல் ஒரு மயக்கத்துக்குப் பெயர் வைத்தார்: நாம் அண்மையில் கவனித்த சொல்வழக்கு அண்மையில்தான் பிறந்தது என்று நம்பிவிடுவது. அவர் நாட்டிலேயே, மிச்சிகன் மாநிலத்தின் லேக் சுப்பீரியர் அரசுப் பல்கலைக்கழகம் 1976 முதல் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ‘நாடு கடத்த வேண்டிய சொற்கள்’ என்று பட்டியல் போட்டுவருகிறது. பேச்சில் மிகவும் எரிச்சலூட்டும் சொல் எது என்று மாரிஸ்ட் நிறுவனம் கருத்துக்கணிப்பும் நடத்தியது. 2009 தொடங்கிப் பல ஆண்டுகள் ‘வாட்எவர்’ என்ற சொல்தான் முதலிடம். ‘என்னவோ போ’ என்று தோளைக் குலுக்கும் சொல் அது. அங்கேயும் பட்டியலில் பெரும்பாலும் சின்னப் பையன்களின் சொற்களே மாட்டுகின்றன.

தமிழில் அப்படி ஒரு பட்டியல் போட்டால் முதலிடம் ‘வேற லெவ’லுக்குப் போகும். போகக் கூடாது. முதலிடத்துக்குத் தகுதியானது ‘ஆவன செய்யப்படும்’.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆவன: ஆக வேண்டியவை. நல்ல தமிழ், பிறமொழிக் கலப்பு துளியும் இல்லை, மரியாதை குறைவில்லை. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். வரிசையில் நின்று, பட்டா மாறுதலுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ மனுக் கொடுத்த அம்மாவுக்குக் கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வரும். ‘தங்களது மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ பிறகு இன்னொன்று: ‘தங்களது மனு முடித்துவைக்கப்பட்டது.’ பட்டா மாறியதா? தெரியாது. மனு முடிந்துவிட்டது.

இந்த வாக்கியங்களில் ஆளே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனுப்பியவர் யார்? முடித்துவைத்தவர் யார்? செயப்பாட்டு வினைக்குள் எல்லோரும் புகுந்து ஒளிந்துகொள்கிறார்கள். ‘உரிய’ என்றால் எது? ‘சம்பந்தப்பட்ட’ என்றால் எவர்? ‘விரைவில்’ என்றால் எந்த மாதம்? செய்தியாளரின் ‘என்பது’ அரை விநாடி அவகாசம் வாங்கியது. இந்தச் சொற்கள் வருடக்கணக்கில் வாங்கிவிடும். மேடைக்குப் போனால் இதே இலக்கணத்தில் ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’, ‘இரும்புக்கரம் கொண்டு அடக்கப்படும்’. கரம் மட்டும் தெரிகிறது, அதற்குரியவர் தெரிவதில்லை. நேற்றுவரை ‘சார் சாப்பிடப் போயிருக்கார், நாளைக்கு வாங்க’ என்று சொன்ன அலுவலகங்களுக்கு இப்போது ‘சர்வர் டவுன்’ கிடைத்திருக்கிறது. பழைய பதிலில் சாப்பிடப் போன ஒரு மனிதராவது இருந்தார்.

இப்படித்தான் எழுத முடியும், அரசு மொழி அப்படித்தான் என்று சமாதானம் சொல்பவர்கள் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பார்க்கலாம். அதில் ‘விரைவில்’ கிடையாது, 30 நாள். தகவலை மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்குள், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் மறுத்தவரே எழுதிக் கொடுக்க வேண்டும். அதே அலுவலகம், அதே எழுத்தர், அதே தமிழ். சட்டம் கேட்டால் ஆளும் நாளும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. மனுவுக்கான பதிலிலும் இன்ன அலுவலர், இன்ன தேதி என்று எழுத முடியாமல் போனதற்கு மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். ‘உல்லாசம்’, ‘அழகி கைது’, ‘கள்ளக்காதல்’ என்று பல பத்தாண்டுகள் தலைப்புப் போட்ட தொழில் இது. கொலையுண்டவர் பெண்ணாக இருந்தால் அவர் அழகா இல்லையா என்பதைத் தலைப்பில் தீர்மானித்தவர்கள், கொன்றவரின் முகவெட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. ‘கற்பழிப்பு’ என்ற சொல் பாதிக்கப்பட்டவரிடம் எதையோ அழித்துவிட்டதாகச் சொல்லி, செய்தவரின் குற்றத்தை ஓரமாகத் தள்ளியது. பெண்ணியவாதிகள் ஓயாமல் சண்டை போட்டதால் ‘பாலியல் வன்கொடுமை’ வந்தது. ‘ஈவ் டீசிங்’ கதையும் அப்படியே. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரே போன பிறகு கொண்டுவந்த தமிழ்நாட்டுச் சட்டமும் அந்த விளையாட்டுப் பெயரோடுதான் பிறந்தது. பிற்பாடுதான் ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று பெயர் திருத்தினார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டில், தவிர்க்க வேண்டிய சொற்களில் ஈவ் டீசிங்கும் இருக்கிறது. சொல்லை மாற்றினால் குற்றம் குறைந்துவிடுமா என்பார்கள். குறையாது. ஆனால், ‘கேலி பண்ணினான்’ என்று எழுதினால் ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பத் தோன்றும். ‘துன்புறுத்தினான்’ என்று எழுதினால் அவ்வளவு எளிதில் தோன்றாது.

வீட்டுக்குள் வந்தால், எரிச்சலின் மொத்த விற்பனை கேள்விகளில்தான் நடக்கிறது. கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டியதும் ஆரம்பிக்கும்: “என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?” மண்டபத்தில், கோயில் பிரகாரத்தில், துக்க வீட்டில்கூட. கேட்கிற சித்திக்கும் அத்தைக்கும் அது பிரியம். கேட்கப்படுகிறவள் அன்றைக்குக் காலையில் எந்த மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பதில் ‘இல்லை’ என்றால் ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்ற முன்னுரையோடு ஒரு டாக்டர் பெயரும் ஒரு கோயில் பெயரும் கிடைக்கும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் காளியும் பொன்னாவும் படும் பாட்டில் பெரும்பங்கு இந்த மாதிரி வாய்களால் வந்ததுதான். நாவலின் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் மருத்துவம் எங்கோ போய்விட்டது. கேள்வி அதே இடத்தில் நிற்கிறது. ஆண்களிடம் இதைக் கேட்பவர்கள் அபூர்வம். கேட்டாலும் ‘என்னப்பா, சும்மா இருக்கே’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பெண்ணிடம் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆனாலும், இதையெல்லாம் விடப் பதவிசான, இதையெல்லாம் விட விஷமான கேள்வி ஒன்று உண்டு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அன்பாகத் தொடங்குவார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

ஊர் பேரைச் சொன்னதும் முகம் மலரும். “அடடே, நமக்கும் அந்தப் பக்கந்தான்.” பிறகு சின்ன இடைவெளி. “ஊருக்குள்ள எங்க?”

ஒரு சொல்கூடத் தப்பில்லாத கேள்வி. யாரிடமும் புகார் கொடுக்க முடியாது. கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் மட்டுமே தெரியும், அங்கே விசாரிக்கப்படுவது தெரு அல்ல என்று. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று நேராகவே கேட்பவர்களும் உண்டு; ‘சைவந்தானே?’ என்று சமையலறை வழியாக வருபவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இதே வேலையை ‘எவடம்?’ செய்கிறது. எவ்விடம் என்பதன் சுருக்கம். கடல் கடந்து போனவர்களுடன் அந்த ஒற்றைச் சொல்லும் போய், கனடாவிலும் லண்டனிலும் கல்யாண வீடுகளில் கேட்கப்படுகிறது.

இந்த இடத்தில்தான் ‘காலனி’ என்ற சொல்லின் விசித்திரம் விளங்கும். நகரத்தில் பேங்க் காலனி, ரயில்வே காலனி, டாக்டர்ஸ் காலனி என்றால் மனை விலை ஏறும். கிராமத்தில் ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. காலனியில் வீடு என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விசாரணை தேவைப்படாது. பழைய ‘சேரி’யின் இடத்தில் வந்து உட்கார்ந்த ஆங்கிலச் சொல், சேரியின் சுமையையும் சேர்த்துச் சுமந்தது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் அது ஆகிவிட்டது என்பது காரணம்.

நல்ல அறிவிப்பு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்ததைப் போல, ‘திருநங்கை’ வந்ததைப் போல, இதுவும் ஆவணத்தில் நிலைக்கும். அந்த இரண்டு சொற்களும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பேச்சுக்கும் வந்துவிட்டன என்பது நம்பிக்கை தருகிறது. ஆரம்பத்தில் ‘வாயில் நுழையவில்லை’ என்று அவற்றையும் எரிச்சலோடு பார்த்தவர்கள் உண்டு. ‘ஊருக்குள்ள எங்க?’ என்ற கேள்வியை எந்த அரசாணையாலும் நீக்க முடியாது. அதற்கு ஆவணமே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

அதனால் பதிலை மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள் இளைஞர்கள். ‘வேற லெவல்’, ‘ப்ரோ’ என்று பேசிப் பெரியவர்களின் பொறுமையைச் சோதிக்கும் அதே இளைஞர்கள்தான். “ஊருக்குள்ள எங்க தம்பி?” என்றால், காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமலே, “பஸ் ஸ்டாண்டு பக்கம்ண்ணே” என்கிறார்கள். கேட்டவர் சில சமயம் அத்துடன் விட்டுவிடுகிறார். விடாதவர்களும் இருக்கிறார்கள்: “பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“நீங்க எந்தப் பக்கத்துல இருந்து வர்றீங்கங்கிறதைப் பொறுத்துண்ணே.”